சிவப்புப் புள்ளி வைத்து அனுப்பிய வேலை

எட்டாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து விரட்டிவிட்டார்கள் என்று சொன்னால் அனுதாபம் கிடைக்கும். உண்மையில் நானேதான் ஓடிவந்தேன்; நிம்மதிப் பெருமூச்சு விட்டது பள்ளிக்கூடம். பிறகு செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து கம்ப்யூட்டர் கோடு எழுதப் பழகினேன். ஆங்கிலம் தெரியாது. திரையில் சிவப்பாக வந்தால் தப்பு, பச்சையாக வந்தால் சம்பளம். இந்த ஞானத்தை நம்பி காரைக்காலில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகம் எனக்கு நாற்காலி கொடுத்தது. அவர்கள் தைரியம் அப்படி.

எனக்கு மேலே இருந்தவர் நெரவியிலிருந்து பைக்கில் வருகிற இன்ஜினியர். நாங்கள் வேலை செய்யும் கருவியில் ஒரு வசதி உண்டு. பாதியில் நிற்கும் வேலையை அப்படியே சேமிக்கலாம்: திறந்து கிடக்கும் ஃபைல்கள், எழுதிய வரிகள், மறக்காமலிருக்க ஒரு குறிப்பு. ‘கான்டெக்ஸ்ட்’ என்பார்கள். இன்னொருவருக்கு அனுப்பினால் என் திரை அப்படியே அவர் திரையில் விரியும். நான் அனுப்புவேன். அவர் விரித்து, முதலாளியிடம் தன்னுடையதென்று காட்டுவார். ஒரு தடவை எல்லோரும் அவருக்குக் கைதட்டினார்கள். நானும் தட்டித் தொலைத்தேன். அந்தக் கை இன்னும் எரிகிறது.

“அண்ணே, அது நான் எழுதுனதுன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?”

“டீம் வொர்க்குடா தம்பி. யாரு செஞ்சா என்ன?”

“அப்ப நான் செஞ்சேன்னே சொல்லுங்களேன்.”

“சொல்லலாம். எந்தக் காலேஜுன்னு கேப்பாங்க. என்னத்தச் சொல்ல?”

அன்றைக்கே முடிவு செய்தேன். அவர் வாயாலேயே, எல்லோர் முன்னாலும், இது என் வேலை என்று சொல்ல வைக்கவேண்டும்.

அடுத்து வந்தது காரைக்கால்மேட்டு மீன் ஏலத்துக்கான செயலி. எங்கள் கரையில் ஏலம் எடுத்தவர் கூடையை உடனே தூக்கமாட்டார். அடிவரைக்கும் கையை விட்டுப் பார்ப்பார். அடிமீன் கெட்டிருந்தால் கூடை மறுபடி ஏலத்துக்குப் போகும். அந்த மறு ஏலப் பகுதியை எழுதியது நான். அனுப்பும் முன் அதன் முதல் வரியில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். அந்த வரிக்கு வந்ததும் செயலி அப்படியே நின்றுவிடும். பிழை தேடுவதற்கான வசதி அது. ‘ஓட்டும் முன் புள்ளியை எடுக்கவும்’ என்று குறிப்பும் எழுதினேன். நெரவி வயல்காட்டு மனிதர் கூடைக்குள் கைவிட மாட்டார், குறிப்பையும் படிக்க மாட்டார் என்று தெரிந்துதான் எழுதினேன்.

செயலியைப் பார்க்க வந்தது எங்கள் தெரு மீன் வியாபாரி அத்தை. சுவரில் திரை விரிந்தது. இன்ஜினியர் அத்தை பெயரில் ஒரு கூடையை ஏலம் எடுத்துக் காட்டி, ‘அடிமீன் கெட்டது’ என்ற பொத்தானை அழுத்தினார். நின்றது. இருக்கிற பொத்தானையெல்லாம் குத்தினார்.

“நெட்டு ஸ்லோ சார்.”

“இதுக்கு எதுக்குய்யா நெட்டு?” என்றார் முதலாளி.

ஒரு மிடறு டீ குடித்தேன். அவ்வளவு ருசியான டீயை அதற்கு முன் குடித்ததில்லை. பிறகு மெதுவாக எழுந்து முன்னால் போனேன்.

“சார், இது நான் எழுதுனது. நிப்பாட்டுனதும் நாந்தான். குறிப்புலயே இருக்கு, அண்ணன் படிக்கல.”

அத்தை அவரைப் பார்த்துச் சிரித்தாள். “ஏந் தம்பி, அடியில கைய விடாமயா கூடயத் தூக்குன?”

இன்ஜினியர் முகம் செத்த மீனாகிவிட்டது. நான் ஒற்றை விரலால் ‘தொடர்’ என்ற பொத்தானைத் தட்டினேன். மறு ஏலம் ஓடியது. முடிவு வந்தது: அதே கெட்ட கூடை, அதே அத்தைக்கு, முன்பைவிட அதிக விலையில்.

“அடேய், அழுகுன மீன என் தலயிலயே கட்டுறியா? இதுக்கா ராஜநட போட்டு வந்த?”

முதலாளி குரல் மாறியது. “யாரு எழுதுனது இத?”

இன்ஜினியர் எழுந்து நின்றார். முகத்துக்கு உயிர் வந்துவிட்டது. “தம்பிதான் சார். முழுக்க முழுக்க அவரு உழைப்பு. நான் ஒரு வரிகூட தொடல.”

கேட்க ஏங்கிய வார்த்தை. அதுவும் ‘அவரு’ என்ற மரியாதையோடு.

பிழையை அன்றே திருத்திவிட்டேன். ஆனால் அந்தப் பழைய கான்டெக்ஸ்டை, புள்ளியோடு, அழிக்காமல் வைத்திருக்கிறேன். அவர்மேல் கோபம் ஆறுகிறதுபோல் தோன்றினால் திறப்பேன். எல்லா ஃபைலும் விட்ட இடத்திலேயே விரியும். கோபமும்தான்.