இருமாத மாமா

அந்தத் தைப்பூசத்தின்போது எனக்கு ஒன்பது வயது. நடந்தவை வரிசையாக:

1. எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, பால்குடம் எடுப்பதற்காக நாற்பத்தெட்டு நாள் விரதம் தொடங்கினார்.
2. பீர் நின்றது. வீடே மகிழ்ந்தது.
3. இருமல் மருந்து வந்தது.
4. சோறு குறைந்தது, பேச்சு குறைந்தது, தூக்கம் கூடியது.

மூன்றாவதை யாரும் பொருட்படுத்தவில்லை. “மருந்துக்கெல்லாம் விரதம் பார்க்காத, குடி லா,” என்று அம்மாவே சொன்னார். நான்காவதைப் பக்தி என்றார்கள்.

அதற்கு முன் சனிக்கிழமைதோறும் மாமா என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஃபெரியில் கடல் தாண்டிப் பட்டர்வொர்த் போவார். அடுத்த ஃபெரியிலேயே திரும்புவோம். அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. வழி முழுக்க, கூட வருகிற பயணிகளைப் போலப் பேசிக் காட்டுவார். விரதம் தொடங்கியபின் நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவர் அறை வாசலில் உட்கார்ந்திருப்பேன். கதவு திறக்காது. “சாமிக்கு இருக்கிற ஆள தொல்ல பண்ணாத,” என்பார் அம்மா. முருகன் மேல் எனக்கு லேசான பொறாமை இருந்தது.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். “மாமா, நீங்க இருமவே இல்லையே?”

“மருந்து வேல செய்யுது பாப்பா. அதான் இருமல.”

குறையே சொல்ல முடியாத பதிலாகத் தோன்றியது. இப்போது பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரக் கோளாறுகளைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அன்று, கட்டிலுக்கடியில் ஏழு காலிப் போத்தல்களைப் பார்த்தும், பாவம், மாமாவுக்குப் பெரிய இருமல் என்றுதான் நினைத்தேன்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் ஏறினோம். மாமா ஒரு கையால் தலையிலிருந்த குடத்தைப் பிடித்திருந்தார். மறு கையில் என் கை. பாதிப் படியில் அவர் கண்கள் செருகின, கால்கள் தள்ளாடின.

“கைய விட்டுறாத பாப்பா,” என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி.

அதற்குள் யாரோ, “அருள் வந்துருச்சு!” என்று கத்தினார்கள். ஒருவர் குடத்தைத் தாங்கிப் பிடித்தார். சுற்றியிருந்தவர்கள் கைகூப்பினார்கள். அம்மா அழுதுகொண்டே, “கும்பிடு, கும்பிட்டுக்கோ,” என்றார். கும்பிட இரண்டு கையும் வேண்டும். நான் என் கையை உருவிக்கொண்டு மாமாவைக் கும்பிட்டேன்.

சாமி வந்தவர் எதற்காக என்னைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவர் பயந்துபோயிருந்தார் என்பதும் தெரியவில்லை.

மாமா இப்போது நிபோங் திபாலில் ஒரு போதை மறுவாழ்வு இல்லத்தில் இருக்கிறார். இது மூன்றாவது முறை. மாதத்தில் ஒரு ஞாயிறு பார்க்க விடுவார்கள். போன மாதம் என்னைப் பார்க்க விருப்பமில்லை என்று உள்ளேயிருந்தே சொல்லி அனுப்பிவிட்டார். இந்த ஞாயிறும் போகிறேன்.