கிளிசெரியா அக்காவின் முப்பத்தாறு

கிளிசெரியா அக்கா பத்தொன்பது வருஷமாக எங்கள் சான் ரஃபீனோ கோயில் திருவிழாவில் பிங்கோ ஆட்டத்துக்குக் கூடையிலிருந்து காய் எடுத்து எண் கூப்பிட்டவர். இலோய்லோ பக்கத்தில் அவரைவிட நல்ல குரல் உண்டு. அவரைவிட சுத்தமான கை கிடையாது. ஊரில் யார் எந்தச் சத்தியம் செய்தாலும், "அந்தம்மா எண் கூப்பிடுற மாதிரி சொல்லு" என்பார் பாதிரியார். நான் அடுத்த வீட்டுக்காரி. பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அதில் எனக்குக் கோபம் உண்டு, சந்தேகம் இல்லை.

இந்த வருஷம் திருவிழாவுக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, அக்காவின் புருஷன் பொலிகார்ப்போவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. குற்றம், சட்டை இல்லாமல் தெருவில் நின்றது. தெரு என்றால் அவர் வீட்டு வாசல். நின்றது சேவலுக்குத் தீனி போட. சேவலும் சட்டை போட்டிருக்கவில்லை, அதை விட்டுவிட்டார்கள்.

அக்கா ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு போலீஸ் சாவடிக்கு ஓடினார். சார்ஜண்ட் எமெரிக்கோ சட்டையை வாங்கி மேஜைக்குள் வைத்துக்கொண்டார்.

"வழக்கு எழுதுறவரு திருவிழா லீவுல போயிட்டாரு. திங்கக்கிழமை பாக்கலாம்க்கா."

"அவருக்கு மூச்சிரைப்பு இருக்குதுங்க. உள்ள காத்தே இல்ல."

"மத்தவங்களும் அதே காத்தைத்தான் சுவாசிக்கிறாங்க."

பன்னிரண்டு பேர் படுக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்த அறை அது. அக்கா திரும்பி வந்து என்னிடம் சொன்னார்.

திருவிழா அன்று, ஞாயிற்றுக்கிழமை மதியம், நகரத்திலிருந்து மனித உரிமை விழிப்புணர்வு என்று ஒரு பெண் வந்து கோயில் மைதானத்தில் மேஜை போட்டாள். துண்டுப் பிரசுரம் கொடுத்தாள். வெயிலுக்கு விசிறிக்கொள்ள அளவு சரியாக இருந்ததால் எல்லாரும் வாங்கிக்கொண்டோம். வாங்கின கையோடு படித்தது அக்கா ஒருத்திதான். நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

"இதை பிங்கோவோட சேத்துடலாம்மா," என்றார் அந்தப் பெண்ணிடம். "எண்ணுக்கு ஒரு உரிமை. ஜெயிக்கிறவங்க கடைசியா வந்த உரிமையை மைக்குல திருப்பிச் சொல்லணும். சொன்னாத்தான் பரிசு."

பரிசு ஒரு மூட்டை அரிசி. அதற்காக நாங்கள் எதை வேண்டுமானாலும் சொல்வோம்.

"பி ஒன்பது! யாரையும் அடிச்சு உதைச்சு ஒத்துக்க வைக்கக் கூடாது!"

"ஓ எழுபது! உழைக்கிறவங்களுக்கு ஓய்வு உண்டு!"

"என் மாமியார் காதுல விழற மாதிரி சொல்லுங்கக்கா!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

எல்லாரும் அட்டையில் பி, ஐ, என், ஜி, ஓ என்ற ஐந்து எழுத்து வரிசையில் வந்த எண் மேல் மக்காச்சோள முத்தை வைத்துக்கொண்டே வந்தோம். நாலு மணிக்கு எனக்கு ஜெயிக்க ஒரே ஒரு எண் பாக்கி. "ஜி ஐம்பத்தொண்ணு, அக்கா! ஐம்பத்தொண்ணு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எனக்குப் பின் வரிசையில் சார்ஜண்ட் எமெரிக்கோ, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, "'என்' வரிசையில முப்பத்தாறு! முப்பத்தாறு!" என்று கத்தினார்.

அக்கா கூடைக்குள் கை விட்டார். எடுத்த காயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் முன்வரிசை. அவர் விரலிடுக்கில் இருந்தது ஐம்பத்தொன்று.

"'என்' முப்பத்தாறு!" என்றார். காய் அவர் பைக்குள் போனது. "எந்தக் குத்தமா இருந்தாலும், வழக்குப் போடாம ஒருத்தரை முப்பத்தாறு மணி நேரத்துக்கு மேல அடைச்சு வைக்கக் கூடாது!"

"பிங்கோ!" சார்ஜண்ட் துள்ளிக் குதித்து மேடைக்கு ஓடினார். மைக்கைப் பிடித்து, அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டே கடகடவென்று ஒப்பித்தார். "...முப்பத்தாறு மணி நேரத்துக்கு மேல அடைச்சு வைக்கக்..." அங்கே நின்றுவிட்டார்.

"முடிங்க சார்ஜண்ட்," என்றார் அக்கா.

"...கூடாது."

"வியாழக்கிழமை ஒரு மணியிலேர்ந்து இப்ப வரைக்கும் எத்தனை மணி நேரம் ஆச்சு?"

மைதானம் விரல் விட்டு எண்ணியது. பின்னாலிருந்து அந்த மாமியாரைச் சொன்னவள்தான் முதலில் கத்தினாள். "எழுபத்தஞ்சு! பிங்கோ கூடையில இருக்கிற மொத்தக் காயும்!"

நாலரைக்குப் பொலிகார்ப்போ வெளியே வந்தார், சட்டையோடு. மூச்சு விசில் அடித்தது. மைதானம் முழுக்க நடந்து வீட்டுக்குப் போய், சட்டையைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். சார்ஜண்ட் அரிசி மூட்டையைத் தானே சுமந்துகொண்டு போனார். யாரும் கை கொடுக்கவில்லை.

மறுநாள் அக்கா வாழையிலையில் கட்டிய பசையரிசிப் பலகாரத்தைத் தட்டில் கொண்டு வந்தார்.

"பாதிரியார்கிட்ட சொல்லிட்டேன். இனிமே எண் கூப்பிட மாட்டேன். வேற கை பாத்துக்கட்டும்." தட்டை என் பக்கம் தள்ளினார். "நீ பாத்தேல்ல? அரிசி உன்னுது. ஏண்டி வாயைத் திறக்கல?"

"பேசாம இருக்க எனக்கு உரிமை உண்டுக்கா," என்றேன். "விசிறிக்கிட்டே படிச்சேன். எட்டாவது வரி."

அக்கா சிரிக்கவில்லை. என் கையில் இன்னொரு பலகாரத்தை வைத்து, விரல்களை மூடி, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.