தாருக்கு அடியில் ஆணிகள்

ஒக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, காலை 9.40. மழை விட்டு இருபது நிமிடம். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, கொழும்பு கொட்டாஞ்சேனையில் தங்கச்சி வீட்டு முற்றத்தில் நிற்கிறேன். ஒன்பது நாளைக்கு முன் அவள் கணவர், கூரையோர மழைநீர்ப் பீலியில் அடைத்த இலையை எடுக்கத் தகரக் கூரையில் ஏறி, தகரம் உடைந்து கீழே விழுந்து இறந்துபோனார். ஓட்டைக்குக் கீழே இரண்டு வாளி.

தகர வேலை செய்யும் செல்வம் ஏணியிலேயே நிற்கிறார். கூரையில் கால் வைக்கவில்லை.

"யாரு தார் பூசினது?"

"அவர்தான், போன மாசியில. தகரத்தில கறள் பிடிக்காது எண்டு," என்கிறாள் தங்கச்சி.

"ஆணியெல்லாம் மறைஞ்சிருச்சே அக்கா. ஆணிக்கு அடியிலதான் தகரத்தத் தாங்குற மரம் இருக்கும். அதப் பாத்துத்தான் நாங்க மிதிப்போம். ஐயா வெறுந்தகரத்துல மிதிச்சிட்டாரு."

ஆணி வரிசைகள் மேலுள்ள தாரைச் சுரண்டக் கூடுதலாக மூவாயிரம் ரூபாய் கேட்கிறார்.

"வீண் செலவு. ஓட்டையை மட்டும் அடையுங்கோ," என்கிறேன்.

"ஓம், அது காணும். இனி இந்த வீட்டில ஆர் ஏறப் போகினம்?" என்கிறாள் தங்கச்சி.

செல்வம் குனிந்து எங்களைப் பார்க்கிறார்.

"இப்ப நான் ஏறணுமே அக்கா."

"சரி, சுரண்டுங்கோ," என்கிறேன். அவர் ஏணியில் நின்றபடியே சுரண்டத் தொடங்கி, தெரிந்த ஆணிகளை மிதித்து மேலே போகிறார். மத்தியானத்துக்குள் ஏழு வரிசையும் தெரிகின்றன. ஒரு வரிசை ஓட்டையின் விளிம்பிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. தங்கச்சி அதைப் பார்க்காமல் உள்ளே போகிறாள்.

ஓட்டைக்கு நாலாயிரத்து ஐந்நூறு, சுரண்டியதற்கு மூவாயிரம். ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாயை எண்ணிக் கொடுக்கிறேன்.