காசிம் நானா பாதியில் நிறுத்திய செய்தி

கண்ணாடிக் கிளாசின் விளிம்பில் தேக்கரண்டியால் 'டிங்' என்று ஒரு தட்டு. அந்தச் சத்தம் கேட்டால் செய்தி பாதியில் நின்றுவிட்டது என்று அர்த்தம். திருகோணமலை இறங்குதுறையில் மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்குக் காத்திருக்கும் சனங்கள் வெயிலுக்கு ஒதுங்குவது காசிம் நானாவின் 'தேத்தண்ணிக் கடை'யில்தான். கொழும்பிலிருந்து ரயிலில் வரும் பேப்பரில் அரசியலையும் விலைவாசியையும் தள்ளிவிட்டு, கடைசிப் பக்க மூலையில் வரும் உலக விநோதச் செய்திகளை மட்டும் அவர் 'வாங்கு'ப் பலகைமேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உரக்க வாசிப்பார். கதை உச்சத்துக்கு வந்ததும் கிளாசில் ஒரு தட்டு. "மிச்சம் தேத்தண்ணிக்குப் பொறகு" என்பார். சனங்கள் அவரைத் திட்டிக்கொண்டே தேத்தண்ணி சொல்வார்கள்.

உலகம் முழுவதும் ஒரே அடிதடியும் இரத்தமும்தான் என்று எனக்கு அந்தக் கடையில்தான் தெரியவந்தது. ஏதோ ஒரு நாட்டில் வெட்டிப் போட்ட பாம்பின் தலை சமையல்காரனின் விரலைக் கவ்விக்கொண்டது. இன்னொரு நாட்டில் நாய் மிதித்ததில் 'துவக்கு' வெடித்து எசமானின் தொடை கிழிந்தது. வேறெங்கோ கல்யாண வீட்டில் இரு பகுதியினரும் கதிரைக் காலால் அடித்துக்கொண்டதில், சமாதானம் பேசப் போன பாதிரியாருக்கு முன்பல் போனது. கேட்டவர்களுக்குச் சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வரும். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். அந்த மனிதர்களின் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாதவை, அதனால் அவர்களுக்கு வலித்திருக்கும் என்ற நினைப்பே எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

என் அப்பா துறைமுக 'டொக்யாட்'டில் இயந்திரம் பொருத்தும் பிற்றராக இருந்தார். அவருக்கு வாய் பேசுமுன் கை பேசிவிடும். அவருடைய ஒரே தம்பி, என் சித்தப்பா, மூதூரில் கல்யாணம் செய்து அங்கேயே இருந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் குடாவில் மூழ்கித் தாண்டுபோன கப்பல்களிலிருந்து பித்தளையும் செம்பும் சுழியோடி எடுத்து, லோஞ்சில் கொண்டுவந்து பட்டணத்தில் விற்பார். வெள்ளைக்காரனுடைய யுத்தம் எங்கள் எல்லோர் வீட்டிலும் ஒவ்வொரு சாமானாகக் கிடந்த காலம் அது. இரும்புத் தொப்பியில் கோழிக்குத் தவிடு வைப்போம், பீரங்கி ரவையின் வெறுங்கோதில் குடை செருகுவோம். ஆகவே சித்தப்பா ஒருநாள் கடலுக்கடியிலிருந்து முழுதாக ஒரு குண்டைத் தூக்கிவந்து தன் வளவின் முருங்கை மரத்தடியில் போட்டபோது, ஊரில் யாரும் பதறவில்லை. அப்பா மட்டும்தான் பதறினார். வெறுங்கோதுக்கும் உள்ளே மருந்துள்ள குண்டுக்கும் வித்தியாசம் டொக்யாட்டில் அவர் கண்டு பழகியது.

அதன்பின் ஒருநாள் பின்னேரம், பித்தளை விற்க வந்த சித்தப்பாவை லோஞ்சேற்றிவிட அப்பாவுடன் நானும் போயிருந்தேன். பித்தளையைத் தட்டித் தகடாக்கிக் கொடுத்தால் கூட விலை கிடைக்கும் என்றும், தட்டுவதற்கு அந்தக் குண்டு நல்ல பட்டடையாக இருக்கும் என்றும் சித்தப்பா சொல்லி முடிப்பதற்குள் அவர் கன்னத்தில் அறை விழுந்தது. "அந்தச் சனியனைக் கொண்டுபோய்க் கடலுக்குள்ள போடு. உனக்கொரு பெண்சாதி இருக்கிறாள் எண்ட நினைப்பு வேணும்" என்றார் அப்பா. சித்தப்பா கன்னத்தைத் தடவிக்கொண்டு, "ஓம் அண்ணை, போடுறன்" என்றார். போட்டிருப்பார் என்றே இன்றைக்கும் நம்புகிறேன், காசிம் நானா அந்த நேரம் பேப்பரை விரிக்காமல் இருந்திருந்தால்.

அன்றைய விநோதச் செய்தி இதுதான். ஐரோப்பாவில் ஒரு கமக்காரன், யுத்தத்தில் வயலில் விழுந்து வெடிக்காமல் கிடந்த குண்டைத் தோண்டியெடுத்து, அதன்மேல் வைத்தே இருபது வருடமாகக் கலப்பைக் கொழுவை அடித்து நிமிர்த்திவந்தானாம். நானா வாசிக்க வாசிக்கச் சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "இருபது வருசமாக ஒரு நாளும்..." என்று இழுத்து நானா கிளாசில் தட்டவும், லோஞ்ச் ஊதவும் சரியாக இருந்தது. சித்தப்பா சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, "கேட்டீங்களோ அண்ணை? இருபது வருசம்" என்று சிரித்தபடியே ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டார். சனங்களெல்லாம் லோஞ்சில் ஏறிவிட்டதால், ஆளில்லாத கடையில் நானா பேப்பரை மடித்து வைத்துவிட்டார். அப்பாவும் மிச்சத்தைக் கேட்காமல் என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

இரண்டு நாள் கழித்துக் காலை லோஞ்சில் துக்கம் சொல்ல ஆள் வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முருங்கை மரத்தில் ஓர் இலைகூட இல்லை. சித்தி சமைத்துக்கொண்டு நின்ற குசினியின் சுவர் சரிந்து சித்தியின்மேல் விழுந்திருந்தது. அவளை இழுத்தெடுத்திருந்தார்கள், ஒரு காதிலிருந்து இரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. சித்தப்பாவின் சவப்பெட்டியை மூடியே வைத்திருந்தார்கள். திறக்கச் சொல்லி அப்பா அதில் தலையை முட்டினார், ஊர்க்காரர் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். "நான் வேண்டாமெண்டு சொன்னனான் அத்தான். இருபது வருசம் அடிச்சும் ஒண்டும் நடக்கேல்லையாம், நானா வாசிச்சவர் எண்டு சொல்லிச் சொல்லித்தான் அடிச்சவர்" என்றாள் சித்தி.

எல்லாம் முடிந்து லோஞ்சிலிருந்து இறங்கியதும் அவர் நேரே கடைக்குள் போனார். காசிம் நானா நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவர் வாயில் குத்து விழுந்தது. கிளாஸ்கள் நொறுங்கின. விழுந்தவரை அப்பா சட்டையோடு தூக்கி மறுபடி அடித்தார். பாய்லர் சரிந்து கொதிதண்ணீர் அப்பாவின் காலில் கொட்டியது, அது அவருக்குத் தெரியவேயில்லை. நான் தூணைக் கட்டிக்கொண்டு கத்தினேன். "மிச்சத்தை வாசி" என்றார் அப்பா. மூதூர்ப் பெடியன்கள் படகு வலிக்கும் சவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். பட்டணத்து ஆட்கள் சிலரும் இந்தப் பக்கம் திரண்டார்கள். இன்னும் ஓர் அடி விழுந்தால் அது தமிழர், முஸ்லிம்கள் என்று இரண்டு சமூகங்களின் சண்டையாகிவிடும் என்பது எல்லோர் முகத்திலும் தெரிந்தது. நானா தரையில் கிடந்தபடியே கையை உயர்த்தி, "ஒருத்தரும் வராதீங்க. அவரு கேக்கிறது ஞாயம். நான் வாசிக்கன்" என்றார்.

பழைய பேப்பர்க் கட்டுக்குள்ளிருந்து அந்த நாள் பேப்பரைத் தேடியெடுத்து, வாயிலிருந்து ஒழுகிய இரத்தத்தை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு அவர் வாசித்தார். இருபத்தோராம் வருடம் கமக்காரன் அடித்த ஓர் அடியில் குண்டு வெடித்தது, வயலில் அவன் காலில் போட்டிருந்த சப்பாத்து ஒன்றுதான் அகப்பட்டது என்று எழுதியிருந்தது. வாசித்து முடித்ததும் நானா தலையிலடித்துக்கொண்டு அழுதார். அப்பா அவர் பக்கத்திலேயே ஈரத் தரையில் குந்தினார். லோஞ்ச் ஊதிக்கொண்டே நின்றது, ஒருவரும் ஏறவில்லை.

அதன்பிறகு காசிம் நானா கிளாசில் தட்டியதில்லை. எதையும் ஒரே மூச்சில் முடிவுவரை வாசித்துவிடுவார், வியாபாரமும் படுத்துவிட்டது. சில மாதம் கழித்து அவர் பேப்பரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். உதட்டில் தையல் வடு இருந்தது. உலக விநோதப் பகுதியில் நாலு வரி: இலங்கையில் ஒருவர் யுத்தக் குண்டைப் பட்டடையாக்கிப் பலியானாராம். சித்தப்பாவின் பெயர்கூட இல்லை. "இத நான் கடையில வாசிக்கல்ல" என்றார் நானா. "வேற ஊர்க் கடையில வாசிச்சிச் சிரிச்சிருப்பாங்க." அப்பா ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அவரை இருக்கச் சொன்னார்.

கடை எப்போதோ போய்விட்டது. பாலங்கள் வந்த பிறகு மூதூருக்கு பஸ்ஸிலேயே போய்விடலாம், லோஞ்சுக்குக் காத்திருக்க ஆளில்லை. விநோதச் செய்தி படிக்கப் பேப்பரும் வேண்டியதில்லை. அது நாள் முழுக்கக் கைபேசியில் வந்துகொண்டே இருக்கிறது. சித்தி கடைசிக் காலத்துக்கு என்னோடு இருக்கிறாள். போன கிழமை என் பேரன் ஏதோ ஒரு நாட்டில் எரிவாயு கசிகிறதா என்று தீக்குச்சி கிழித்துப் பார்த்தவனின் கதையை வாசித்து, சிரிப்பை அடக்க முடியாமல் சித்தியின் கேட்கும் காதருகே போய்த் திரும்பவும் சொன்னான்.

சித்தி முழுவதையும் கேட்டாள். "குசினிக்குள்ள ஆர் நிண்டவை?" என்றாள்.

அவன் திரையை மேலும் கீழும் தள்ளித் தேடினான். "அது போடேல்ல" என்றான்.