நான் நிறுத்திய மாத்திரை

மகள் பிறந்த இரண்டாம் நாள், பால் குடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று துவண்டாள். கைகள் நடுங்கின. திருகோணமலை ஆஸ்பத்திரியில் தாதி அவளது குதிக்காலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தார். இரத்தத்தில் சீனி (சர்க்கரை) மிகவும் இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினால் ஏறியது. நிறுத்தினால் மறுபடி இறங்கியது.

நான் படகு எஞ்சின் திருத்துபவன். மனைவி சுகந்தி முன்பள்ளி ஆசிரியை. திருகோணமலைக்கு வடக்கே திரியாயில் இருக்கிறோம். பால் போதாமல்தான் பிள்ளை சோர்கிறாள் என்று வார்டில் சிலர் சுகந்தியைக் குறை சொன்னார்கள். அவள் சீனி இறங்கிய நேரங்களை ஒரு கொப்பியில் எழுதினாள்.

பிறந்த சில நாளில் வந்த செங்கமாரி (தோலும் கண்ணும் மஞ்சளாவது) மூன்று வாரமாகியும் மாறவில்லை. இரத்தப் பரிசோதனைகளும் கொழும்பில் எடுத்த மூளைப் படமும் காரணத்தைக் காட்டின. கபச்சுரப்பி (மூளையின் அடியில் ஓமோன்களைச் சுரக்கும் கடலையளவு சுரப்பி) சரியாக வளரவில்லை. கோர்ட்டிசோல் (உடல் நோயைத் தாங்க உதவும் ஓமோன்), தைரொயிட் ஓமோன், வளர்ச்சி ஓமோன் மூன்றுமே குறைவு.

"பிறக்கேக்க மூண்டு கிலோ இருந்தவள், டொக்டர். வளர்ச்சி ஓமோன் எப்பிடிக் குறையும்?" என்று கேட்டேன்.

"வயித்துக்குள்ள வளர அது பெரிசாத் தேவையில்லை. வெளியில வந்தாப்பிறகு சீனி இறங்காமப் பாக்கிறதுக்கும் அது வேணும்," என்றார் பிள்ளையைப் பார்த்த பெண் வைத்தியர். "எல்லாத்திலும் முக்கியம் கோர்ட்டிசோல் மாத்திரை. ஒரு வேளையும் விட ஏலாது. காய்ச்சல், சத்தி வந்தால் கூட்டிக் குடுக்க வேணும். சத்தி எடுத்து மாத்திரை வயித்தில நிக்காட்டி, அதையே ஊசியாப் போட வேணும்."

ஊசியைத் தொடையில் போடச் சுகந்தி கற்றுக்கொண்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாலாம் மாதம் அவள் முன்பள்ளிக்குத் திரும்பினாள். மூன்று வேளையும் மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பது என் பொறுப்பானது. பிள்ளை சிரித்தாள், கொழுத்தாள். ஒரு நாள் என் அக்கா வந்தா. "தம்பி, இது ஸ்டீரோயிட் எல்லோ? பிள்ளையின்ர முகத்தைப் பார், ஊதிப்போச்சு. நல்லா இருக்கிற பிள்ளைக்கு ஏன் நஞ்சு குடுக்கிறாய்?"

அக்கா அன்பில்தான் சொன்னா. பிள்ளைக்கு நோயே இல்லை என்று நம்ப நானும் ஆசைப்பட்டேன். மாத்திரையை நிறுத்தினேன். சுகந்தியிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் பிள்ளை குடித்த பாலை இரண்டு தரம் சத்தி எடுத்தாள். தூக்கியபோது தலை நிற்கவில்லை. உடம்பு குளிர்ந்திருந்தது. அந்நேரம் சுகந்தி வீட்டுக்குள் வந்தாள்.

"மருந்து குடுத்தனீங்களோ?"

"முந்தநாளில இருந்து குடுக்கேல்லை."

அவள் என்னைப் பார்த்தது ஒரு கணம்தான். அலுமாரியைத் திறந்து ஊசி மருந்தை எடுத்துக் கலந்தாள். "காலைப் பிடியுங்கோ. இறுக்கிப் பிடியுங்கோ." தொடையில் குத்தினாள். கன்னத்தின் உட்புறம் சீனித் தண்ணி தடவினாள். பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போக முச்சக்கரவண்டியில் ஏறினோம். சுகந்தி அழுததும் அங்கேதான்.

வார்டில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். வைத்தியர் ஏசவில்லை. "முகம் ஊதினால் என்னட்டக் கொண்டு வாங்கோ, அளவைப் பாக்கலாம். நீங்களா நிப்பாட்டக் கூடாது. இவளின்ர உடம்பு கோர்ட்டிசோலைத் தானாச் சுரக்காது," என்றார். பிள்ளை கண் திறக்க அடுத்த நாள் காலையானது. அதுவரை சுகந்தி கட்டிலருகே நின்று சீனி அளவுகளைக் கொப்பியில் எழுதினாள்.

வீடு திரும்புமுன் நானே தாதியிடம் போய், "எனக்கும் ஊசி போடப் பழக்குங்கோ," என்றேன். இந்த முறை முகத்தைத் திருப்பாமல் பழகினேன். பின்னர் தொடங்கிய வளர்ச்சி ஓமோன் ஊசியைத் தினமும் நான்தான் போடுகிறேன். அக்காவுக்கும் விளங்கப்படுத்தினேன், இப்போது மருந்து நேரத்தில் போன் எடுத்துக் கேட்பவ அவதான்.

இதே நோயோடு பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளை நன்றாக இருக்கும் நாளில்தான் மருந்தை நிறுத்தும் ஆசை வரும். என் மகள் நன்றாக இருந்ததே அந்த மருந்தால்தான்.

முன்பு உடம்பு தன்பாட்டில் ஓடும் என்று நினைத்திருந்தேன். இப்போது எங்கள் நாள் ஆறு மணி, இரண்டு மணி, இரவு எட்டு மணி என்றே நகர்கிறது. வருடங்களை எண்ணி நான் பயப்படுவதில்லை. அடுத்த வேளையைப் பார்க்கிறேன். போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சொல்லித்தந்தபடி அளவைக் கூட்டிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. எங்கள் இரண்டு வயதுக்காரி கஞ்சிக் கோப்பையைத் தட்டிவிட்டு, சோறு வேண்டும் என்று அடம்பிடித்தாள்.