ராசாத்தாள் வீட்டுக் காத்தாடி

கோயமுத்தூரில் நான் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டாத மோட்டார் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இன்று சொந்த ஒர்க்‌ஷாப் வைத்துப் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் என்னைவிடக் கெட்டிக்காரி ஒருத்தி எங்கள் வீட்டில் பிறந்தாள். என் தங்கை ராசாத்தாள்.

தாவணி வயதிலேயே பஞ்சு மில்லுக்குப் போனவள். பொங்கியண்ணனைக் கட்டிக்கொண்டு கிணத்துக்கடவுப் பக்கம் தோட்டத்து வீட்டுக்கு வந்த பிறகும் மில் பஸ் ஏறினாள். தீபாவளி போனஸில் மற்றப் பெண்கள் கம்மல் வாங்குவார்கள். இவள் தென்னம்பிள்ளை வாங்குவாள். வருஷா வருஷம் புருஷன் குழி வெட்ட, இவள் நட, வீட்டைச் சுற்றித் தோப்பு எழுந்தது.

மில் பஞ்சு அவள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. கடைசியில் மூக்கில் குழாய், கட்டிலோரம் ஆக்சிஜன் மிஷின். கரண்டு இருந்தால்தான் அது ஓடும். தோட்டத்து லைனில் கரண்டு போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஜெனரேட்டர் வைத்தால் புகை இருமலைக் கிளப்பியது. சோலாருக்கு வெயில் வேண்டும். அந்த வீட்டு ஓட்டின் மேல் தென்னை நிழல்தான் விழும். ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும் என்றார் டாக்டர்.

“ஏனுங்ணா, எங்கூட்லயே போய்ச் சேந்துக்கறனே. ஆஸ்பத்திரிக் கட்டல்ல மட்டும் சாக உட்றாதீங்க” என்றாள்.

அண்ணன் எதற்கு இருக்கிறேன்? காத்தாடி வைத்தே கரண்டு எடுத்துத் தருகிறேன் என்றேன். ஆள் வைத்துச் செய்யவில்லை. காயிலை என் கையால் சுற்றினேன். இறக்கைகளை நானே செதுக்கினேன். போர்வெல் பைப்பில் கம்பம் நிறுத்தினேன். காற்று நிற்கும் நேரத்துக்குப் பேட்டரி வைத்தேன். கம்பம் நின்ற பிறகும் தென்னை காற்றை மறைத்தது.

“அம்மணி, மேக்கு வரிசையும் கெழக்கு வரிசையும் போனாத்தான் ஆவும்.”

“மேக்கால வெட்டிப்போடுங்க. கெழக்க வேண்டாம்.”

“ஆடிக்கு மேக்காத்துச் செரி. ஐப்பசில காத்து கெழக்க இருந்தல்ல வரும்?”

“ஐப்பசி வரைக்கும் நானிருந்தாத்தானுங்ணா? அந்த வரிசைதான் நல்லாக் காய்க்குது. எனக்கப்பறம் இவரு சோத்துக்கு எங்க போவாரு? உங்கூட்டுக்கு வந்தா அண்ணி ரெண்டே நாள்ல தொரத்திப்போடுவாங்க.”

பொங்கியண்ணன் சிரிக்கவில்லை. “போனாப் போவுது புள்ள, ரெண்டையும் வெட்டலாம்.”

“நட்டது நானு. நீங்க சும்மா இருங்க.”

காய்க்கிற மரத்தை வெட்டுமுன் வேரில் பால் ஊற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். குழாய் எட்டிய மட்டும் வாசலுக்கு வந்து, பால் சொம்பைப் புருஷன் கையில் கொடுத்தாள். முதல் மரம் விழுந்த சத்தத்துக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஆடி வந்தது. பாலக்காட்டுப் பக்கமிருந்து அடித்த காற்றில் என் காத்தாடி சுற்றிய சுற்றை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஊர் இருண்டு கிடக்கும். ராசாத்தாள் வீட்டில் மட்டும் விளக்கு எரியும். அக்கம்பக்கத்தார் போன் சார்ஜ் போட வருவார்கள்.

“பூராத்தையும் இழுத்துப்போடாதீங்க சாமி, எனக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க” என்பாள் கட்டிலில் இருந்தபடி. முகத்தில் களை வந்தது. ஆவணி போனது, புரட்டாசி போனது. ஐப்பசியும் வந்தது. அவள் இருந்தாள். அதை அவள் எதிர்பார்க்கவே இல்லை.

அந்த அடைமழையில் லைன் அறுந்தது. கீழ்க்காற்று கிழக்கு வரிசையில் மோதி மட்டைகளை ஆட்டியது. இந்தப் பக்கம் இறக்கைகள் அசையவில்லை. நான் காரில் போய்ச் சேர்ந்தபோது பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. பொங்கியண்ணன் கோடாலியோடு மழையில் இறங்கிக் கிழக்கே ஓடினார்.

“மாமா, வேண்டாம்... உடுங்க” என்றாள் புருஷனிடம். அவ்வளவு சொல்வதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

கையிருப்பில் இருந்த ஒரே ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டிக் காரில் ஏற்றினோம். கார் திரும்பும்போது கிழக்கு வரிசையை ஒருமுறை பார்த்தாள். மறுநாள் பொள்ளாச்சியில், வேண்டாம் என்று சொன்ன அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே போய்விட்டாள்.

அடுத்த ஆடியில், காத்தாடியைக் கழற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று ஸ்பானரோடு போனேன். வாசலில் கால் வைத்ததும் உள்ளே ஆக்சிஜன் மிஷின் ஓடும் சத்தம். கட்டில் காலி. தலையணை மேல் குழாய் மட்டும் கிடந்து மெல்ல ஊதிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பொங்கியண்ணன் கிழக்கு வரிசைத் தேங்காயை உரித்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க மாப்ள இது?”

“காத்து இருக்கறப்ப ஓடட்டும்ங்க மச்சான். அந்தச் சத்தமில்லாம ஊட்டுக்குள்ள இருக்க முடியலீங்க.”

வெளியே வந்தேன். கொண்டுபோன ஸ்பானரால் கம்பத்து போல்ட்டுகளை இறுக்கிவிட்டுத் திரும்பினேன்.