பார்சலுக்குத் தடையில்லை

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் கடை போட்ட முதல் நாள், இருளாண்டி இருநூறு பேருக்குச் சாம்பார் வைத்தார். கடையில் இருந்த ஸ்டூல்கள் ஆறு. பதினெட்டு வருடம் ஒரு கிறிஸ்தவ சபையின் கூட்டங்களுக்கே சமைத்த கைக்கு அதற்குக் குறைந்து உப்புப் போடத் தெரியவில்லை. மீதியைத் தெருவே மூன்று வேளை சாப்பிட்டது.

சபை கண்டிப்பானது. பூ, நகை, டிவி, மாத்திரை நான்கும் ஆகாது. போன வருடம் இருளாண்டி பல்வலி தாங்காமல் அருப்புக்கோட்டை மெடிக்கல் ஒன்றில் ஒரே ஒரு மாத்திரை வாங்கி விழுங்கினார். வலி போவதற்குள் சேதி சபைக்குப் போய்விட்டது. எல்லார் முன்பும் நின்று மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள்.

"ஒங்களுக்கு வலிச்சாத் தெரியும்" என்றவர், ஐம்பத்திரண்டு வயதில் ஒரு துணிப்பையோடு வெளியே வந்தார்.

விலகிப் போனவரோடு சபையார் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, நலம் விசாரிக்கக் கூடாது. சபையார் என்பதில் மகள் முனீஸ்வரியும் சேர்த்தி. கட்டிக்கொடுத்த இடமும் சபைதான். மனைவி இறந்தபின் அவருக்கென்று இருந்தது அவள் ஒருத்தி. பத்து மாதமாக ஒரு போன் இல்லை.

கடை மட்டும் பழகிவிட்டது. தட்டை நீட்டுமுன் கண்ணை மூடி நீளமாக ஜெபிக்கும் வழக்கத்தை, "அண்ணே, சட்டுனு ஆமென் போடுங்க, லோடு போகணும்" என்று சொல்லிச் சொல்லி லாரி டிரைவர்கள் பாதியாகக் குறைத்திருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முனீஸ்வரி, சபைப் பெண்கள் எல்லாரும் உடுத்தும் வெள்ளைச் சேலையில் கடை முன் வந்து நின்றாள்.

"உக்காரு தாயி."

"உக்காரக் கூடாதுல்ல. நாலு தோச, பார்சலு."

"பார்சலு மட்டும் ஆகுமாக்கும்?"

"பார்சலப் பத்தி அவுக ஒண்ணும் சொல்லலப்பா."

நலம் விசாரிக்கவும் கூடாதே. ஆகவே அவள், ஸ்டூலில் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்த டிரைவர் நாகராஜைக் கேட்டாள்: "ஏண்ணே, இந்தக் கடைக்காரரு நேரத்துக்குச் சாப்புடுறாரா?"

"எங்க, எங்களுக்குப் போட்டது போகத்தேன்."

"ரொம்ப எளச்சிட்டாருன்னு சொல்லுங்க."

"அண்ணே, எளச்சிட்டீகளாம்" என்று நாகராஜ் கடமை தவறாமல் ஒப்பித்தார்.

"நல்லாத்தேன் இருக்கேன்னு சொல்லுய்யா." இருளாண்டி மாவுச் சட்டியைக் கிட்டே இழுத்தார்.

தோசை எவ்வளவு நேரத்தில் வேக வேண்டும் என்றும் சபை எங்கேயும் சொல்லியிருக்கவில்லை. அவர் கல்லில் மாவை ஊற்றிவிட்டு, அடுப்பை அணைந்துவிடாத அளவுக்கு மட்டும் வைத்துக் குறைத்தார்.